நூல் சுற்றிய பழைய புல்லாங்குழல் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

"நல்லா பழகின குழல் சார், புதுசுல இந்த நாதம் வரவே வராது" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். நன்றாக வாசித்துப் பழகிய மூங்கில் இனிமையாகப் பேசும் என்பது உண்மைதான். ஆனால் அதையே சொல்லித்தான் என் தலையில் ஒரு வெடித்த குழலைக் கட்டினார் ஒருவர்.

விற்றவர் நன்றாக வாசிக்கக்கூடியவர். சிக்கலே அதுதான். எட்டுத் துளைக் கர்நாடகக் குழல், 1 கட்டை சுருதி (கீபோர்டில் C) என்றார். தன் ஃபோனில் சுருதிக்கான தம்புரா ஆப்பைப் போட்டுவிட்டு மோகன ராகம் வாசித்துக் காட்டினார். அப்படியே ஒட்டி நின்றது. நான் வாங்கி ஊதியபோதும் ஸட்ஜம் ('ஸ') சேர்ந்துதான் இருந்தது. வீட்டுக்கு வந்து என் தம்புராவை 1 கட்டையில் வைத்து ஊதினால் காதை உறுத்துகிறது. சுருதியை அளக்கும் ட்யூனரில் பார்த்தேன், குழல் முழுவதும் 30 சென்ட் வரை கீழே பேசுகிறது. கீபோர்டில் கறுப்பையும் சேர்த்து அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ள தூரம் 100 சென்ட். அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

அப்படியானால் அங்கே எப்படிச் சேர்ந்தது? தம்புரா ஆப்களில் கட்டையைத் தேர்ந்தெடுத்த பிறகு சுருதியை நூலிழை அளவுக்கு ஏற்றி இறக்க ஒரு வசதி உண்டு. குழலுக்கு ஏற்றபடி தம்புராவை இறக்கி வைத்திருக்கிறார் மனிதர். திரையில் '1 கட்டை' என்றுதான் காட்டும், கீழே இருக்கும் சின்ன எண்ணை யார் பார்க்கிறார்கள்? ஆகவே விற்பவரின் தம்புரா வேண்டாம், உங்களுடையதைக் கொண்டுபோங்கள்.

நியாயமாகச் சொன்னால், மொத்தமாகச் சுருதி இறங்கிய குழல் உதவாத குழல் அல்ல. தனியாக வாசிக்கிறவர் தம்புராவை இறக்கிக்கொள்ளலாம், வயலின்காரரும் தந்தியை இறக்கிக்கொள்வார். கீபோர்டோடு வாசிக்கத்தான் முடியாது. அதைச் சொல்லி விற்றிருந்தால் எனக்குப் புகாரே இல்லை. இன்னொன்று, குளிர்ந்த குழல் எப்போதும் கீழேதான் பேசும். 1 டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 3 சென்ட் மாறும். அதனால் சில நிமிடம் ஊதிச் சூடேற்றிய பிறகுதான் ட்யூனரைப் பார்க்க வேண்டும். நான் சூடேற்றித்தான் பார்த்தேன்.

அடுத்தது துளைகள். ஸ்வரங்கள் தங்களுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை. ஒரு விரல் துளையை வெளிச்சத்தில் பார்த்தபோது மேல் ஓரத்தில் பிறை மாதிரி மெழுகு அப்பியிருந்தது. மூங்கில் தூளைக் கலந்து நிறம் தெரியாதபடி பூசியிருக்கிறார்கள். நகத்தால் சுரண்டியதும் கையோடு வந்துவிட்டது. துளையைப் பெரிதாக்கினால் ஸ்வரம் ஏறும், மேல் ஓரத்தை அடைத்தால் இறங்கும். யாரோ அளவுக்கு மீறிக் குடைந்துவிட்டு, அப்புறம் அடைத்துச் சரிக்கட்டியிருக்கிறார்கள். மெழுகு வைத்துச் சுருதி சேர்ப்பது குற்றமில்லை, மறைத்ததுதான் குற்றம்.

இத்தனை கோளாறும் அவர் வாசித்தபோது ஏன் தெரியவில்லை? குழலை உதட்டை நோக்கி உருட்டி ஊதுதுளையைக் கூடுதலாக மூடினால் ஸ்வரம் இறங்கும், வெளியே உருட்டினால் ஏறும். பழகிய வாசிப்புக்காரர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் இப்படி உதட்டாலேயே சரிசெய்துகொண்டு போவார். போதாக்குறைக்கு ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம் வேறு. அவர் வாசிப்பைக் கேட்டால் அவர் எப்படி வாசிப்பார் என்பது தெரியும், அவ்வளவுதான். கமகமே இல்லாமல் ஒவ்வொரு ஸ்வரமாக நீட்டி நீங்களே ஊதிப் பாருங்கள். மந்த்ர பஞ்சமத்தை (கீழ் ஸ்தாயி 'ப') ஊதிவிட்டு, விரலை எடுக்காமல் காற்றை மட்டும் கூட்டினால் மத்ய பஞ்சமம் (நடு ஸ்தாயி 'ப') வர வேண்டும். இரண்டும் துல்லியமாக ஒத்துப்போகவில்லை என்றால் குழலின் உள்ளமைப்பிலேயே கோளாறு இருக்கலாம். தக்கை வைத்து அடைத்த குழலானால் தக்கை நகர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு, அதைச் சரிசெய்துவிடலாம்.

இதோடு நின்றிருந்தாலும் மனம் ஆறியிருக்கும். சில நாளில் கீழ் ஸ்வரங்கள் செத்துப்போயின. மந்த்ர ஸ்தாயியில் ஊதினால் காற்றுதான் வருகிறது, அல்லது ஒரு ஸ்தாயி மேலே தாவுகிறது. ஊதுதுளைக்குப் பக்கத்தில் அழகாகச் சுற்றியிருந்த சிவப்பு நூலை அவிழ்த்தேன். உள்ளே நீளவாக்கில் ஒரு விரிசல். அதில் நிரப்பிய பசை பழுப்பேறி, ஓரத்தில் அழுக்கும் எண்ணெயும் படிந்து கிடந்தது. கீழ் ஸ்வரங்களுக்குக் குழாய் கிட்டத்தட்ட முழுநீளமும் காற்றுப் புகாமல் அடைபட்டிருக்க வேண்டும், மயிரிழை அளவு கசிந்தாலே அவைதான் முதலில் போகும். விற்பதற்கு முன் எண்ணெய் தாராளமாகப் பூசியிருந்தார், வாங்கும்போதே வாசனை தூக்கலாக இருந்தது. எண்ணெய் ஈரம் இருக்கும்வரை கசிவு அடைபட்டிருந்தது, காய்ந்ததும் பல்லைக் காட்டிவிட்டது.

ஃபோன் செய்தேன். "வாங்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு? உங்க வீட்டு ஏசியில வெடிச்சிருக்கும்" என்றார். ஏசியில் மூங்கில் வெடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் என் வீட்டு ஏசி வெடிப்புக்குள் பசை ஊற்றி, பழுப்பாக்கி, மேலே நூலும் சுற்றுமா? படம் எடுத்து அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக்குறி விழுந்தது, பதில் இல்லை.

நூல் சுற்றியிருப்பதாலேயே சந்தேகப்பட வேண்டாம். வெடிக்காமல் இருக்கப் புதுக் குழலுக்கே நூல் கட்டுவார்கள். அவிழ்க்க மாட்டேன் என்றால் குழலின் திறந்த முனையில் ஃபோன் டார்ச்சை வைத்து இருட்டில் பாருங்கள். திறந்த விரிசலாக இருந்தால் வெளிச்சம் கோடாகத் தெரியும். பசை வைத்து அடைத்ததானால், ஊதுதுளை வழியாக உள்சுவரைப் பார்த்தால் பசை வழிந்து பளபளக்கும். அதைவிட நம்பகமானது உறிஞ்சிப் பார்ப்பது. விரல் துளைகள் எட்டையும் டேப்பால் ஒட்டி, திறந்த முனையை உள்ளங்கையால் அழுத்தி மூடி, ஊதுதுளையில் வாய் வைத்து உறிஞ்சுங்கள். உதடு சில நொடி ஒட்டி நின்றால் குழல் முழுசு. உடனே விட்டுவிட்டால் எங்கோ கசிகிறது. எண்ணெய் பூசி வைத்திருந்தால் இந்தச் சோதனையும் ஏமாற்றும், துடைத்துக் காயவிட்டு மறுநாள் பார்க்க அனுமதி கேளுங்கள்.

குண்டூசி முனை அளவில் ஓட்டைகளும், தட்டினால் மாவு மாதிரி தூளும் விழுந்தால் பேரம் பேசவே வேண்டாம். உளுத்த மூங்கில் அது. கூடவே உங்கள் மற்ற குழல்களுக்கும் வண்டு தொற்றிக்கொள்ளும். ஊதுதுளையின் எதிர் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள், அது மழுங்கியோ சிதைந்தோ இருந்தால் நாதத்தில் காற்றுச் சத்தம் கலக்கும்.

குழல் செய்கிற ஒருவரிடம் காட்டினேன். விரிசலை மறுபடி ஒட்டிக் கட்டித் தந்தார். மந்த்ர ஸ்தாயி பாதி திரும்பியிருக்கிறது, மீதி வராது என்று அவரே சொல்லிவிட்டார். விற்றவர் இப்போது ஒரு 5 கட்டைக் குழலுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி. அதிலும் அதே இடத்தில் சிவப்பு நூலாம்.