பார்சல் மெசேஜில் கார்ட் நம்பர் கேட்டால் போடாதீங்கோ: திருகோணமலை ஆட்களுக்கு எச்சரிக்கை

லண்டனிலோ கனடாவிலோ சொந்தக்காரர் இல்லாத வீடு திருகோணமலையில் குறைவு. அதனால்தான் இந்த மெசேஜ் இங்கே எடுபடுகிறது: “உங்கள் பார்சல் தபால் கந்தோரில் நிற்கிறது, விலாசம் பிழை, 87 ரூபாய் கட்டுங்கள்.” கீழே ஒரு லிங்க்.

உவர்மலையில் ஓர் அம்மா இதில் சிக்கினார். லிங்கைத் தட்ட, தபால் திணைக்களத்தின் சின்னத்தோடு பக்கம் திறந்தது. கார்ட்டின் 16 இலக்கம், முடியும் மாதம், பின்பக்க 3 இலக்கம் எல்லாம் கேட்டது. 87 ரூபாய்தானே என்று அடித்தார். வங்கியிலிருந்து ஓடிபி (ஒரு தடவை மட்டும் பாவிக்கும் இரகசிய இலக்கம்) வந்தது, போட்டார். “பிழையான இலக்கம், திரும்பப் போடுங்கள்” என்றது பக்கம். இரண்டாவது ஓடிபியையும் போட்டார். முதலாவதில் பிழையே இல்லை, அதிலேயே காசு போய்விட்டது. இரண்டாவதைக் கேட்டது இன்னொரு தடவை எடுக்கத்தான்.

அந்த 87 ரூபாய் வெறும் தூண்டில். நீங்கள் இங்கே அடிக்க அடிக்க, மறுமுனையில் இருப்பவன் அதே இலக்கங்களை வெளிநாட்டுக் கடையொன்றில் போடுகிறான். ஓடிபி அந்தக் கடைக்கு உரியது. பெரும்பாலான வங்கிகளின் ஓடிபி மெசேஜிலேயே அது எழுதியிருக்கும்: ‘ஏஈடி 1,450’ (ஏஈடி என்றால் டுபாய்ப் பக்கத்துத் திர்ஹம்), பக்கத்தில் கேள்விப்படாத ஒரு கடைப் பெயர். இலங்கைக் காசில் ஒரு லட்சத்துக்கு மேல். ஆனால் திரையின் மேலே எட்டிப்பார்க்கும் ஆறு இலக்கத்தை மட்டும்தான் எல்லோரும் பார்க்கிறோம். தயவுசெய்து மெசேஜை முழுதாகத் திறந்து தொகை, நாணயம், கடைப் பெயர் மூன்றையும் வாசித்த பிறகே இலக்கத்தைத் தொடுங்கள்.

ஓடிபி கொடுக்கவில்லை, தப்பிவிட்டேன் என்றும் இருக்காதீர்கள். சில வெளிநாட்டுத் தளங்கள் ஓடிபி கேட்பதே இல்லை. பின்பக்க 3 இலக்கம் போயிருந்தால் அந்தக் கார்ட் முடிந்தது, மாற்றத்தான் வேண்டும்.

லிங்கில் தபால் என்ற சொல் முன்னால் இருப்பது கணக்கில்லை. தொடக்கத்தில் வரும் இரட்டைக் கோட்டை (//) விட்டு, முதல் தனிச் சாய்கோட்டுக்கு (/) சற்று முன்னால் பாருங்கள். அரச தளமென்றால் ‘டொட் கவ் டொட் எல்கே’ (.gov.lk) என்று முடிய வேண்டும்.

காசு போனால் முதல் பத்து நிமிடம்தான் முக்கியம். வங்கி செயலியில் கார்ட்டைப் பூட்டுங்கள். பிறகு கார்ட்டின் பின்பக்கத்தில் உள்ள வங்கியின் போன் நம்பருக்கு எடுத்து, இன்னும் முடியாமல் நிலுவையில் இருக்கும் கொடுப்பனவுகள் உண்டா என்றும் கேளுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வையுங்கள். அன்றைக்கே எழுத்திலும் முறையிடுங்கள். ஓடிபியை நீங்களே போட்டதால் ‘உங்கள் சம்மதத்தோடு நடந்தது’ என்று வங்கி மறுக்கக்கூடும், அப்போது உங்களுக்குக் கைகொடுப்பது எத்தனை மணிக்கு முறையிட்டீர்கள் என்பதும் ஆதாரமும்தான். மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். பொலிஸிலும், இணைய மோசடிகளைக் கவனிக்கும் அரச அமைப்பான ஸ்ரீலங்கா சேர்ட்டின் 101க்கும் அறிவியுங்கள். வங்கியின் பதில் சரியில்லையென்றால் மத்திய வங்கியின் 1935.

கார்ட் இலக்கம் மெசேஜால் மட்டுமல்ல, கையிலிருந்தும் போகலாம்: உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சாப்பிடப் போனால் கார்ட்டை உள்ளே கொண்டுபோக விடாதீர்கள், மெஷினை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அடையாள அட்டை நம்பரையும் சும்மா ஒரு இலக்கமென்று நினைக்காதீர்கள். 12 இலக்க நம்பரில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். ‘வங்கியிலிருந்து’ என்று கோல் எடுப்பவன் உங்கள் பிறந்த திகதியைச் சரியாகச் சொல்ல இந்த நம்பரே போதும். போட்டோக்கொப்பி கொடுக்கும்போது அதன் குறுக்கே எதற்காக, யாருக்கு, எந்தத் திகதி என்று பேனையால் எழுதிக் கொடுங்கள்.