சீலோஜினியா, மாஸ்டெவாலியாவா?

குளிர்மலை ஆர்க்கிட் ஒன்று வீட்டில் வளர்க்கலாம் என்று தொடங்கி, எது என்று முடிவு செய்ய முடியாமல் இரண்டு வகையையும் வாங்கிவிட்டேன். ஒன்று இமயமலைச் சரிவுகளில் வளரும் சீலோஜினி கிரிஸ்டேட்டா. மற்றது பெரு நாட்டில் மச்சு பிச்சு பக்கத்து மாஸ்டெவாலியா வீச்சியானா. என் வீடு கோத்தகிரியில், ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில். இரண்டுக்குமே இரவுக் குளிர் வேண்டும், சமவெளிக்காரர்கள் மன்னிக்க.

அழகுப் போட்டி வைத்தால் மாஸ்டெவாலியாதான். செம்மஞ்சள் பூ, அதன்மேல் பொடிப்பொடியாக ஊதா மயிர்கள். வெயில் சாய்ந்து பட்டால் பட்டுச்சேலை மாதிரி நிறம் மாறும். சீலோஜினி வெள்ளை, நடுவில் மஞ்சள் வரி. அவ்வளவுதான்.

ஆனால் நான் சீலோஜினி கட்சி. காரணம் தண்ணீர். அதன் இலைக்கு அடியில் சிறு எலுமிச்சை போலப் பச்சைக் குமிழ்கள் திரண்டிருக்கும். தண்ணீரை அதில்தான் சேர்த்து வைக்கிறது. மாஸ்டெவாலியாவுக்கு அந்தச் சேமிப்பே கிடையாது. வேரைச் சுற்றிய பாசி காயவும் கூடாது, சொதசொதவென்று ஊறவும் கூடாது.

போன ஏப்ரலில் ஒரு கல்யாணத்துக்காக மதுரையில் ஒன்பது நாள். பக்கத்து வீட்டு அக்கா நினைவு வந்தபோதெல்லாம் ஊற்றியிருக்கிறார், அதுவும் போர் தண்ணீர். திரும்பி வந்து பார்த்தால் சீலோஜினியின் குமிழ்கள் வற்றல் போலச் சுருங்கிக் கிடந்தன. மே மழையில் மறுபடி உப்பிவிட்டன. மாஸ்டெவாலியாவில் இலை நுனியெல்லாம் கறுப்பு. ஒரு தொட்டியில் தொட்ட இலை கையோடு வந்தது. உப்புத் தண்ணீர் அதற்கு ஆகாது, மழைநீர்தான் வேண்டும். பெரு நாட்டுக் கெச்சுவா மொழியில் இந்தப் பூவுக்கு வகான்கி என்று பெயர். 'நீ அழுவாய்' என்று அர்த்தமாம். பொருத்தம்தான்.

சீலோஜினியிலும் ஒரு சிக்கல் உண்டு. டிசம்பர், ஜனவரியில் தண்ணீரை நன்றாகக் குறைக்க வேண்டும். குமிழ் லேசாகச் சுருங்குவதைப் பார்த்தால் கை பரபரக்கும். பொறுத்தால்தான் பிப்ரவரி, மார்ச்சில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். தொட்டி மாற்றினால் கோபித்துக்கொண்டு ஒரு வருடம் பூக்காமலும் இருந்துவிடும்.

நான் வளர்த்த மாஸ்டெவாலியா இரண்டே தொட்டி, அதுவும் ஒரே வருடம். வீட்டைவிட்டு நகராதவர்கள், மழைநீர்த் தொட்டி உள்ளவர்கள் வேறு கதை சொல்லக்கூடும். பிழைத்த தொட்டி இப்போது குளியலறை ஜன்னலில் இருக்கிறது. மூன்று இலை.