டர்பனிலிருந்து காப்புரிமைப் பதிவுகளைத் தேடிய எட்டு வருடங்கள்

"பதிவேட்டில் தேடிப் பார்த்துவிட்டேன், என் கருவி மாதிரி எதுவும் இல்லை. அப்போ விண்ணப்பித்துவிடலாமா?" டர்பனில் காப்புரிமை (பேட்டன்ட்) பற்றிப் பேச்செடுக்கும் தமிழ் நண்பர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். 2016-ல் நானும் இதே கேள்வியோடுதான் ஆரம்பித்தேன். விண்ணப்பதாரராக இத்தனை வருடம் இந்தப் பதிவுகளைப் புரட்டியதில் தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

அந்தச் சமயத்தில் டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் கடும் வறட்சி. தண்ணீர்க் கட்டுப்பாடு வந்ததும், நாங்கள் இருக்கும் டோங்காட் பக்கம் பல வீடுகளில் ஜோஜோ என்ற பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வைத்து மழைநீர் பிடிக்க ஆரம்பித்தார்கள். இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. அறுவடைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்குத் தீ வைப்பார்கள். கருப்புக் கருப்பாகச் சாம்பல் இழைகள் பறந்து வந்து கூரையில் படியும். முதல் மழையில் அத்தனையும் தொட்டிக்குள் போய்விடும். பக்கத்து வீட்டு அங்கிள் கரும்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் விருதுநகரிலிருந்து வந்த மெக்கானிக்கல் இன்ஜினியர். இரண்டு பேரும் சேர்ந்து, முதல் மழைத் தண்ணீரைத் தனியாகப் பிரித்து வெளியே விட்டு, அடியில் தங்கும் மணலையும் சாம்பலையும் அடுத்த மழையே தள்ளிவிடும்படி ஒரு சாய்வு வால்வு செய்தோம். "தம்பி, இதைப் பதிவு பண்ணிடணும்" என்றார் அங்கிள். அப்படித் தொடங்கியதுதான்.

தென்னாப்பிரிக்காவில் காப்புரிமைப் பதிவேடு பிரிட்டோரியாவில், சன்னிசைடில் இருக்கும் சி.ஐ.பி.சி. என்ற நிறுவனங்கள், அறிவுசார் சொத்து ஆணையத்திடம் இருக்கிறது. 1978-ம் வருடத்துக் காப்புரிமைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று முதலிலேயே தெரிய வேண்டும். இந்தியாவில் விண்ணப்பம் 18 மாதத்தில் வெளியாகும், பரிசோதகர் கேள்வி கேட்டு அறிக்கை அனுப்புவார், அந்த அறிக்கையையும் இணையத்தில் படிக்கலாம். இங்கே வழக்கமாக நடப்பது படிவங்களைச் சரிபார்ப்பது மட்டும்தான். கண்டுபிடிப்பு புதியதுதானா என்று அலுவலகம் உலக ஆவணங்களைத் தேடிப் பார்த்து முடிவு செய்வதில்லை. முழுப் பரிசோதனையைக் கொண்டுவர வேண்டும் என்று 2018-ல் அமைச்சரவை ஏற்ற அறிவுசார் சொத்துக் கொள்கை சொல்கிறது. எங்கள் விண்ணப்பம் பழைய முறையில்தான் போனது.

இதன் அர்த்தம் எனக்கு முழுதாகப் புரிந்தது 2021 ஜூலையில். அந்த மாதக் காப்புரிமை இதழில் 2021/03242 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். கண்டுபிடித்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் டாபஸ் என்ற செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தின் பெயர் இருக்கும். விண்ணப்பித்தவர் அதை உருவாக்கிய ஸ்டீபன் தாலர். அமெரிக்காவும் பிரிட்டனும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகமும் மறுத்த அதே விண்ணப்பம் இங்கே பதிவானது. அது சரியா தவறா என்ற விவாதம் தனி. என்னைப் பொறுத்தவரை பாடம் வேறு. இங்கே ஒரு எண் கிடைத்துவிட்டது என்பதால் அந்தக் காப்புரிமை நீதிமன்றத்தில் நிற்கும் என்று சொல்ல முடியாது. நிற்குமா என்பதை விண்ணப்பதாரர் முன்கூட்டியே தானே தேடித் தெரிந்துகொள்ள வேண்டும். பதிவுகளைத் தேடுவது இங்கே அவ்வளவு முக்கியமான வேலை.

சரி, தேடியும் கிடைக்கவில்லை என்றால்? அதற்கும் இரண்டு காரணம் இருக்கலாம். ஏற்கப்பட்டு இதழில் வெளியாகும் வரை விண்ணப்பக் கோப்பு பொதுவாக யார் பார்வைக்கும் வராது. முதல் தேதியைப் பிடித்து வைக்கும் தற்காலிக விண்ணப்பம் போட்டு 12 மாதத்துக்குள், கூடுதல் கட்டணத்தோடு இன்னும் மூன்று மாதத்துக்குள், முழு விவரக்குறிப்பு (கண்டுபிடிப்பை விளக்கும் ஆவணம்) கொடுக்காமல் விட்டால் அது வெளியே தெரியாமலே காலாவதியாகிவிடும். அதனால் போன மாதம் பக்கத்துத் தெருக்காரர் விண்ணப்பித்திருந்தாலும் உங்கள் திரையில் ஒன்றும் வராது. இன்னொரு காரணம், புதுமை என்பதற்கு இந்தச் சட்டத்தில் எல்லை உலகம் முழுவதும். உள்ளூர்ப் பதிவேட்டில் இல்லாதது ஆஸ்திரேலியாவில் இருந்தாலே போதும், உங்களுடையது புதிது ஆகாது.

எங்களுக்கு அப்படித்தான் ஆனது. முதலில் 'மழைநீர்', 'வடிகட்டி' மாதிரி சொற்களின் ஆங்கிலத்தைப் போட்டுத் தேடினேன். தலைப்புகள் பெரும்பாலும் 'ஒரு சாதனம்', 'குழாய்களில் மேம்பாடு' என்று பொத்தாம்பொதுவாக இருந்ததால் எதுவும் சிக்கவில்லை. அப்புறம்தான், கண்டுபிடிப்புகளைத் துறைவாரியாகப் பிரிக்கும் சர்வதேச வகைப்பாட்டு எண் பற்றித் தெரிந்தது. மழைநீரைச் சேகரிக்கும் அமைப்புகளுக்கு இ03பி 3/02 (E03B 3/02) என்று ஒரு எண் இருக்கிறது. ஐரோப்பிய அலுவலகத்தின் தேடல் தளமான எஸ்பேஸ்நெட்டில் அதைப் போட்டதும் கதவு திறந்த மாதிரி இருந்தது. பந்து மிதந்து வந்து குழாயை அடைக்கும் ஏற்பாடு, நாங்கள் எங்களுடையது என்று நினைத்திருந்த அதே ஏற்பாடு, ஆஸ்திரேலிய ஆவணங்களில் படத்தோடு இருந்தது. அங்கிளிடம் அச்செடுத்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "பந்து அவங்களது. ஆனா மணல் அவங்க குழாயில் தங்கும், தம்பி. நம்ம சாய்வு இதில் இல்லை" என்றார். எங்கள் உரிமைக்கோரலை, அதாவது எது எங்களுடையது என்று விண்ணப்பத்தில் சொல்லும் பகுதியை, சாய்வில் மட்டும் நிறுத்தியதற்கு அந்த ஒரு பேச்சுதான் காரணம்.

எஸ்பேஸ்நெட்டில் பல தென்னாப்பிரிக்க எண்களுக்குத் தலைப்பு, பெயர், தேதி மட்டும்தான் இருக்கும், முழு உரை இருக்காது. அதற்கு ஒரு வழி உண்டு. இங்கே பதிவாகும் காப்புரிமைகளில் பெரும்பகுதி வெளிநாட்டு விண்ணப்பங்கள். அதே கண்டுபிடிப்பு, பல நாடுகளுக்கும் சேர்த்துப் போடும் சர்வதேச விண்ணப்பமாகவும் பெரும்பாலும் போயிருக்கும். ஒரே கண்டுபிடிப்புக்கான விண்ணப்பங்களைக் 'குடும்பம்' என்பார்கள்; அதில் இருக்கும் சர்வதேச எண்ணைப் பிடித்து, உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தின் பேட்டன்ட்ஸ்கோப் தளத்தில் திறந்தால் பெரும்பாலும் முழு ஆவணமும் கிடைக்கும். உள்ளூர்க்காரர்களுடையது என்றால் எண்ணைக் குறித்துக்கொண்டு பிரிட்டோரியாவில் நகல் கேட்க வேண்டியதுதான். 600 கிலோமீட்டர் சொச்சம் நானும் அங்கிளும் ஒருமுறை கார் ஓட்டிப் போனோம். அந்தப் பயணத்தில் கையில் வந்த விவரக்குறிப்புகளைத் திரும்பும் வழியெல்லாம் அவர் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார்.

பெயர் வைத்துத் தேடுவது நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இடம். இங்கே பிள்ளை பில்லே ஆகிவிட்டார், முதலியார் மூட்லி, கவுண்டர் கோவேந்தர், படையாச்சி படயாச்சீ. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு எழுத்துக்கூட்டும் தம்பி வேறு எழுத்துக்கூட்டும் வைத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனையையும் போட்டுத் தேடுங்கள். என்னைப் போல் இனிஷியல் வைத்துப் பெயர் எழுதுகிறவர்களுக்கு இன்னும் சிக்கல். எங்கள் விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தவர் என் அப்பா பெயரை என் பெயராகவும் என் பெயரைக் குடும்பப் பெயராகவும் போட்டுவிட்டார். கையெழுத்துக்கு முன் படித்ததால் கண்ணில் பட்டது. கடவுச்சீட்டில் இருக்கிறபடியே இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். உங்கள் பெயரில் தேடுகிற அடுத்த ஆளுக்கு அதுதான் வழி.

செலவு பற்றி எல்லோரும் கேட்பதால் சொல்கிறேன். நாங்கள் கட்டியபோது தற்காலிக விண்ணப்பத்துக்கு 60 ராண்ட், முழு விண்ணப்பத்துக்கு 590 ராண்ட். தற்காலிக விண்ணப்பத்தை நாமே போடலாம். முழு விவரக்குறிப்பில் காப்புரிமை வழக்கறிஞர் கையெழுத்து வேண்டும். பெரிய செலவு அங்கேதான்.

2018-ல் எங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்ட அறிவிப்பு காப்புரிமை இதழில் வெளியானது. இதழ் மாதாமாதம் வரும், நூற்றுக்கணக்கான பக்கம். எங்கள் எண்ணைத் தேடி, அந்தச் சின்னப் பத்தியை அங்கிளுக்குக் கைப்பேசியில் அனுப்பினேன். ஆறு வாரத்தில் அவர் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. முத்திரை மாதிரி ஒரு படம், எங்கள் சரியான எண், சரியான முகவரி, டாலரில் ஒரு பெரிய தொகை, பத்து நாள் கெடு. வங்கிக்குப் போகக் கிளம்பிவிட்டார். பதிவைத் திறந்து காட்டினேன். முழு விண்ணப்பம் போட்டது 2017 ஆகஸ்டில். முதல் புதுப்பிப்புக் கட்டணம் மூன்றாம் வருடம் முடிவதற்குள், அதாவது 2020 ஆகஸ்டுக்குள்தான். அதற்கு இரண்டு வருடம் முன்பே யாரும் கேட்க வேண்டியதில்லை, அதுவும் டாலரில். பதிவு வெளியானதும் முகவரியை எடுத்துக்கொண்டு இப்படிக் கடிதம் அனுப்புகிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். வயதானவர்கள் பெயரில் விண்ணப்பம் இருந்தால் தயவுசெய்து முன்பே சொல்லி வையுங்கள்.

2020-லிருந்து ஒவ்வொரு ஆகஸ்டும் கட்டணம் கட்டுகிறோம். கட்டிய பிறகும் பதிவைத் திறந்து நிலை என்னவென்று பார்த்து, அந்தப் பக்கத்தைச் சேமித்து வைக்கிறேன். தேதி தவறினால் ஆறு மாத அவகாசம் உண்டு, அபராதத்தோடு.

போன மாதம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு அக்கா வந்தார். தீபாவளிக்கு மூட்டை மூட்டையாக முறுக்கு சுட்டு விற்கிறவர், கை வலிக்காமல் பிழிய ஒரு கருவி செய்திருக்கிறார். அதே கேள்வி. பணம் கட்டும் முன் இரண்டு வாரம் எஸ்பேஸ்நெட்டில் உட்காருங்கள் என்றேன். மூன்றாவது நாளே ஒரு கொரிய ஆவணம் அகப்பட்டது. அதை அந்தத் தளமே மொழிபெயர்த்துக் கொடுத்தது. கைப்பிடி அப்படியே இவருடையது, அச்சுத் தட்டு வேறு. இப்போது தட்டை மட்டும் தனியாக வரைந்துகொண்டிருக்கிறார். 60 ராண்ட் இன்னும் கட்டவில்லை.