வாசித்ததும் வேலை கொடுக்கும் வேதாகம (பைபிள்) வாசிப்புச் செயலி

வசனத்தைக் காட்டிவிட்டுச் சும்மா விடாததுதான் இந்தச் செயலியில் எனக்குப் பிடித்தது. யாக்கோபு நிருபம் 2-ஆம் அதிகாரத்தில், உடையும் உணவும் இல்லாதவர்களை "சமாதானத்தோடே போங்கள்" என்று வாய்ச்சொல்லோடு அனுப்பிவிடும் பகுதிக்குக் கீழே ஒரே கேள்வி: இன்று யாருக்கு என்ன கொடுக்கப் போகிறீர்கள்? பெயரை எழுதாமல் அடுத்த பக்கம் திறக்காது. எரிச்சல்தான், ஆனாலும் எழுதினேன். மாலையே போய்ப் பார்த்தும் வந்தேன். மத்தேயு 25-க்கும் இதே கண்டிப்பு: பசித்தவர், அந்நியர், வியாதியஸ்தர், காவலில் இருப்பவர் என ஒவ்வொருவருக்கும் தனி நாள்.

ரோமர் 12 மட்டும் அவசரக் கோலம். 21 வசனங்களையும் ஒரே நாளில் தள்ளிவிட்டார்கள். அதில் வரும் உபசரிப்புக்கே ஒரு வாரம் வேண்டும். அப்புறம், உதவி செய்ததைப் பதிவிட்டால் பதக்கமாம். தர்மத்தை அந்தரங்கமாகச் செய்யச் சொல்லும் மத்தேயு 6 வாசித்தவர்கள் செய்கிற வேலையா இது! அமைப்புகளில் போய் அதை நிறுத்திவிடலாம்.