அலுமினிய ஸ்போர்ட்ஸ் காரில் ரோல் கேஜ்: பாதத்தை எதன் மேல் ஊன்றுவது?

ஸ்டீல் பாடி காருக்கு ரோல் கேஜ் (கார் உருண்டாலும் உள்ளே இருப்பவரைக் காக்கும் ஸ்டீல் குழாய்க் கூண்டு) போட்டுப் பழகிய வெல்டர் ஒருவரிடம் லோட்டஸ் எலீஸ் என்ற அலுமினியச் சேஸிஸ் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுபோய் நிறுத்தினால், மேல்வேலை முழுவதையும் மளமளவென்று சொல்லிவிடுவார். எந்தக் குழாயை எங்கே வளைக்கலாம், குறுக்குச் சட்டம் எங்கே வர வேண்டும், கதவுப் பக்கம் எத்தனை கம்பி என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கூண்டின் கால் தரையைத் தொடும் இடம் வந்ததும்தான் கை நிற்கும். கீழே இருப்பது அலுமினியம். அதன் மேல் ஸ்டீலை வெல்டிங் செய்ய முடியாது. இரண்டையும் உருக்கிச் சேர்த்தால் நடுவில் உருவாகும் கலவைப் படலம் பிஸ்கட் போல நொறுங்கும். வெடிமருந்தால் அழுத்தி ஒட்டிய ஸ்டீல்-அலுமினிய இரட்டைப் பட்டைகளைக் கப்பல் கட்டுகிறவர்கள் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. ஆனால் காரின் மெல்லிய தகட்டுக்கு அது வழியில்லை.

அதனால் அலுமினிய கார் விஷயத்தில் நான் கூண்டின் வடிவத்தைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. பாதத்தை ஊன்ற நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன. அவற்றைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் விதி. சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏவின் பின்னிணைப்பு ஜே, 253ஆம் பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. மெயின் ஹூப் (ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் வளைவுக் குழாய்), முன் ஹூப் (முன்கண்ணாடியை ஒட்டி நிற்கும் வளைவு) ஆகியவற்றின் ஒவ்வொரு பாதத்துக்கும் கீழே குறைந்தது 3 மி.மீ. தடிமனும் 120 சதுர செ.மீ. பரப்பும் கொண்ட ஸ்டீல் வலுவூட்டல் தகடு வேண்டும். பாதம் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது மூன்று எம்8 (8 மி.மீ.) போல்ட், வலுத் தரம் 8.8 அல்லது அதற்கு மேல். பின்பக்கச் சாய்வுத் தாங்கிகளுக்கு 60 சதுர செ.மீ., இரண்டு போல்ட் போதும். பாடி ஸ்டீலாக இல்லாவிட்டால், கூண்டுக்கும் பாடிக்கும் இடையே எந்த வெல்டிங்கும் கூடாது, வலுவூட்டல் தகட்டைப் பசையால் ஒட்ட மட்டுமே அனுமதி. இந்த ஒரு வரியைப் படிக்காமல் வேலையைத் தொடங்கி, ஆய்வு நாளில் காரைத் திருப்பி எடுத்துப் போனவர்கள் உண்டு.

அந்த 120 சதுர செ.மீ. எதற்கு என்று ஒரு கணக்குப் போட்டால் புரியும். கூண்டு அங்கீகாரத்துக்கான சோதனையில் மெயின் ஹூப்பின் தலையில், காரின் எடையோடு 150 கிலோவைக் கூட்டி, அதைப்போல ஏழரை மடங்கு பாரத்தை ஏற்றுவார்கள். 1,000 கிலோ கார் என்றால் 8,600 கிலோவுக்கும் மேல். சாய்வுத் தாங்கிகள் எடுத்துக்கொள்ளும் பங்கை விட்டுவிடுவோம். ஒரு காலுக்கு ஏறக்குறைய 4,300 கிலோ. 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. சுவரும் கொண்ட குழாயின் வெட்டுமுகம் வெறும் 334 சதுர மி.மீ. தகடு இல்லாமல் அந்தக் குழாய் வாய் மெல்லிய அலுமினியத் தரையில் இறங்கினால், பிஸ்கட் மாவில் அச்சு இறங்குவது போல வட்டமாக வெட்டிக்கொண்டு போய்விடும். அதே பாரம் 120 சதுர செ.மீ. பரப்பில் பரவினால், ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் கிட்டத்தட்ட 36இல் ஒரு பங்குதான்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி பார்வைக்கு மிக நியாயமானது: ஸ்டீலைத்தானே வெல்டிங் செய்ய முடியாது, அலுமினியத் தகட்டை சேஸிஸில் டிக் வெல்டிங் செய்துவிட்டு அதன் மேல் ஸ்டீல் பாதத்தை போல்ட் போட்டுக்கொள்ளலாமே? கை தேர்ந்த வெல்டர் அழகாகச் செய்து தருவார். ஆனால் சேஸிஸ் அலுமினியம் தன் பலத்தை வெப்பப் பதப்படுத்தலில் பெற்றது. 6061-டி6 வகையை எடுத்துக்கொள்ளுங்கள். வெல்டிங்குக்கு முன் ஏறக்குறைய 276 மெகாபாஸ்கல் வரை தாங்கிவிட்டுத்தான் அது நிரந்தரமாக வளையும். வெல்டிங் கோட்டிலிருந்து 25 மி.மீ. தூரத்துக்குள் அது பாதிக்கும் கீழே போய்விடும். பலப்படுத்தப் போன இடத்தைச் சுற்றி ஒரு பலவீன வளையம் போட்டதுபோல் ஆகிறது. எலீஸ் போன்ற சேஸிஸில் இதைவிட மோசம், ஏனென்றால் அதை எபாக்சிப் பசையால் ஒட்டித்தான் கட்டியிருக்கிறார்கள். பக்கத்து இணைப்பில் பசை வெந்துபோனால் வெளியே ஒன்றும் தெரியாது. எஃப்ஐஏ விதி பேசுவது கூண்டுக்கும் பாடிக்கும் இடையிலான வெல்டிங்கைப் பற்றித்தான், இது வேறு என்று வாதம் செய்ய இடமிருக்கலாம். நான் அந்த வாதத்தில் இறங்க மாட்டேன். இந்த வழி வேண்டாம்.

இரண்டாவது வழி, காரில் ஏற்கெனவே இருக்கும் வலுவான துளைகளைப் பயன்படுத்துவது. சீட் பெல்ட் ஊன்றும் இடம், தொழிற்சாலை ரோல் பார் (சீட்டுக்குப் பின்னால் வரும் ஒற்றை வளைவுக் குழாய்) உட்காரும் இடம் ஆகியவற்றில் கடைந்தெடுத்த பிராக்கெட்டைப் பூட்டி, அதிலிருந்து கூண்டை எழுப்புவது. ஒரு துளைகூடப் புதிதாகப் போட வேண்டாம், காரை எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். இதற்கு ஆசைப்படாதவர் குறைவு. தடத்தில் பொழுதுபோக்காக ஓட்டுபவருக்கு, பின்பக்க ரோல் பார் மட்டும் இப்படிப் போட்டுக்கொள்வது நல்ல முடிவுதான்.

போட்டிக்கு வரும்போது இடிக்கிறது. சீட் பெல்ட் துளை, ஒரு மனித உடல் முன்னால் பாயும் இழுவிசையைத் தாங்க வைத்தது. மேலிருந்து கீழே ஒரு முழு காரின் எடை குத்தும் திசை அதன் கணக்கில் இல்லை. அப்புறம், ஒரே ஒரு போல்ட் உள்ள துளையில் மூன்று போல்ட் விதியை எப்படி நிறைவேற்றுவது? தேசிய மோட்டார் விளையாட்டு அமைப்போ எஃப்ஐஏவோ அங்கீகரித்த, அந்த மாடலுக்கென்றே சோதிக்கப்பட்ட கூண்டாக இருந்தால் அது தனிக் கதை. அங்கே சான்றிதழ் பேசும். சான்றிதழில் உள்ளபடியே பொருத்த வேண்டும், ஒரு பிராக்கெட்டைக்கூட நம் வசதிக்கு மாற்றக் கூடாது.

மூன்றாவது வழியைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். மேலே ஒரு ஸ்டீல் தகடு, கீழே ஒன்று, நடுவில் சேஸிஸ் அலுமினியம். மூன்றையும் எபாக்சியால் ஒட்டி, போல்ட் போட்டு இறுக்குவது. பசையும் போல்டும் சேர்ந்து வேலை செய்வதில் ஓர் அழகு இருக்கிறது. ஒட்டிய தகட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் பசை அபாரமாகத் தாங்கும். ஆனால் ஓரத்திலிருந்து உரித்தால் தபால்தலை போலக் கழன்று வந்துவிடும். அந்த உரிப்பை போல்ட் தடுக்கிறது. 1996இல் வந்த எலீஸின் 68 கிலோ சேஸிஸே இந்த யோசனையில் உருவானதுதான்: ஒட்டுவது பசை, ஓரம் உரியாமல் பிடித்துக்கொள்வது திருகுகள். காரைக் கட்டிய முறையிலேயே கூண்டையும் ஊன்றுகிறோம் என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. ஒன்று, உள்ளீடற்ற சட்டம். எம்8, 8.8 போல்ட்டை முறையாக இறுக்கினால் சுமார் ஒன்றரை டன் பிடி வரும். பெட்டி வடிவச் சட்டத்தின் வழியே அப்படியே இறுக்கினால் சுவர்கள் உள்வாங்கும், பிடி போய்விடும். உள்ளே சரியான நீளத்தில் ஸ்லீவ் (போல்ட்டைச் சுற்றி நிற்கும் குழாய்த் துண்டு) வைத்து, இறுக்கத்தை அந்த ஸ்லீவ் வாங்கும்படி செய்ய வேண்டும். அரை மில்லிமீட்டர் குட்டையாக வெட்டிய ஸ்லீவ், இல்லாத ஸ்லீவுக்குச் சமம்.

இரண்டு, அரிப்பு. ஒருமுறை, வேறொருவர் பொருத்திச் சில வருடம் ஓடிய கூண்டின் பாதத்தைக் கழற்றினேன். தகட்டுக்குப் பெயிண்டுகூட அடிக்காமல் நேரே அலுமினியத்தில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். போல்ட்டைத் தளர்த்தியதும் தகட்டின் விளிம்பிலிருந்து கோலமாவு போல வெள்ளைப் பொடி கொட்டியது. தகட்டை எடுத்துப் பார்த்தால் கீழே சேஸிஸில் அம்மைத் தழும்பு போலக் குழிகள், விரல் நகம் உள்ளே இறங்கும் ஆழத்துக்கு. ஸ்டீலும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் கரைந்துபோவது அலுமினியம்தான். துருப்பிடிக்காத ஸ்டீல் போட்டால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் அலுமினியத்தைத் தின்னத்தான் செய்யும். துத்தநாகப் பூச்சு போட்ட தகடும், முழுப் பரப்பிலும் இடைவெளி இல்லாமல் பசைப்படலமும்தான் மருந்து. பசையில் கால் மில்லிமீட்டர் கண்ணாடி மணிகளைக் கலந்துகொண்டால், எவ்வளவு இறுக்கினாலும் படலம் அந்த அளவுக்குக் கீழே நசுங்காது, உலோகமும் உலோகமும் தொடாது. நடுவில் ரப்பர் ஷீட் வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். ரப்பர் தளர, போல்ட்டின் பிடியும் தளரும்.

மூன்று, பசை போடும் முன் செய்யும் சுத்தம். அலுமினியத்தைத் தேய்த்த உடனே மேலே ஆக்சைடு படியத் தொடங்கிவிடும். தேய்த்து, துடைத்து, பசை தயாரிப்பாளர் சொல்லும் பிரைமரைப் போட்டு, தாமதிக்காமல் ஒட்ட வேண்டும். காலையில் தேய்த்துவிட்டு மாலையில் ஒட்டுவது வேலைக்கு ஆகாது.

நான்காவது வழி, மூன்றாவதன் நீட்சி. முன் பாதத்தையும் பின் பாதத்தையும் தரையோரமாக ஒரு ஸ்டீல் குழாயால் இணைத்துவிடுவது. கூண்டு தன் காலிலேயே நிற்கும் முழுப் பெட்டியாகிவிடும். பாரம் ஒரு மூலையில் விழுந்தாலும் நான்கு பாதத்துக்கும் பிரியும். சேஸிஸின் எந்த ஓர் இடமும் தனியாக மாட்டிக்கொள்ளாது. பக்கவாட்டு மோதலுக்கும் நல்லது. இதற்குக் கொடுக்கும் விலை எடைதான். 38 x 2.5 மி.மீ. குழாய் மீட்டருக்கு 2.2 கிலோ. இரண்டு பக்கமும் சேர்த்தால் ஆறேழு கிலோ கூடும். எலீஸின் உயரமான பக்கச் சட்டத்தைத் தாண்டி ஏறுவதே ஒரு பயிற்சி. அதோடு இதுவும் சேரும்.

இந்த வழியில் ஒரு கண்ணி உண்டு. இணைப்புக் குழாயை நீளம் முழுக்க அலுமினியத்தோடு ஒட்டிவிடலாம் என்று தோன்றும். ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டரில், அலுமினியம் 23 மைக்ரான் விரியும், ஸ்டீல் 12தான். ஒன்றரை மீட்டர் நீளம், ஒட்டிய நாளைவிட 40 டிகிரி சூடு என்றால், இரண்டும் 0.66 மி.மீ. விலகப் பார்க்கும். கால் மில்லிமீட்டர் பசைப்படலத்தால் முனைகளில் அதற்கு ஈடுகொடுக்க முடியாது, விரிசல் விடும். 15 செ.மீ. பாதத் தகட்டில் அதே விலகல் 0.07 மி.மீ. மட்டுமே. அதனால் பாதத்தை மட்டும் ஒட்டுங்கள். நடுக்குழாய்க்கும் சேஸிஸுக்கும் இடையில் சில மில்லிமீட்டர் காற்று இருக்கட்டும்.

எந்த காருக்கு எது? எலீஸ், எக்ஸீஜ் போன்ற ஒட்டுச் சேஸிஸுக்கு மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்த வழிதான் என் தேர்வு. மேல்பாகம் திறப்பதால், பாதங்களைத் தற்காலிகமாகப் பூட்டி, கூண்டைப் புள்ளி வெல்டிங்கில் நிறுத்தி, வெளியே எடுத்து முழு வெல்டிங் செய்யும் வசதியும் பெரும்பாலும் கிடைக்கும். பசைக்கு அருகில் சூடே போகாது. 2006இன் கார்வெட் இசட்06 போல அலுமினியப் பக்கச் சட்டங்கள் உள்ள காரில் மூன்றாவது வழி எளிது. கனமான சட்டத்தைத் தேடி அதன் மேலேயே பாதத்தை ஊன்றலாம்.

1990இல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ்தான் சிரமம். முழு அலுமினிய மானோகாக் (பாடியே சேஸிஸாகவும் பாரம் தாங்கும் அமைப்பு), நிலையான கூரை. கூண்டை முழுசாக வெளியே எடுக்க முடியாது, கூரையை ஒட்டிய இணைப்புகளின் மேல்பக்கத்துக்கு வெல்டிங் டார்ச்சும் போகாது. ஸ்டீல் காரில் தரையில் ஓட்டை போட்டுக் கூண்டைக் கீழே இறக்கி, மேல்பக்கத்தை வெல்டிங் செய்துவிட்டு, திரும்ப ஏற்றி ஓட்டையை அடைப்பார்கள். இங்கே அது கூடவே கூடாது. பதிலாக, பாதத்துக்கு அடியில் பத்து செ.மீ. உயரத்தில் ஸ்டீல் பெட்டி மேடை ஒன்று செய்துகொள்ளுங்கள். மேடை இல்லாமல் கூண்டை இறக்கினால் கூரைக்கும் குழாய்க்கும் நடுவில் கை நுழையும். மேல்வேலையை முடித்து, கூண்டைத் தூக்கி, மேடையை உள்ளே தள்ளிப் பூட்டலாம். மேடையைக் கூண்டோடு வெல்டிங் செய்வது தகடு ஒட்டுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். முடியாவிட்டால் போல்ட் இணைப்பாக வையுங்கள். அறை வெப்பத்தில் இறுகும் பல எபாக்சிகள் கொதிநீர்ச் சூட்டுக்கு முன்பே இளகத் தொடங்கிவிடும்.

குழாய் அளவில் ஒரு சிறு விஷயம். மெயின் ஹூப்புக்கு 45 x 2.5, 50 x 2.0 இரண்டையும் எஃப்ஐஏ ஏற்கிறது. பெரியது மீட்டருக்குக் கால் கிலோ குறைவு, வளைவதையும் அதிகம் எதிர்க்கும். தலைக்கு இடம் இருந்தால் அதையே எடுப்பேன். சிறிய காக்பிட்டில் ஹெல்மெட்டுக்கும் குழாய்க்கும் இடைவெளி போதாது என்றால் 45தான். அமெரிக்காவில் கிளப் போட்டிகள் நடத்தும் எஸ்சிசிஏ, நாசா (விண்வெளி அமைப்பு அல்ல, மோட்டார் விளையாட்டுச் சங்கம்) இரண்டிலும் குழாய் அளவு காரின் எடையைப் பொறுத்து மாறும், நீளவாக்கில் மின்வெல்டிங் செய்த சாதாரணக் குழாயை ஏற்க மாட்டார்கள். கூண்டு எத்தனை இடத்தில் ஊன்றலாம் என்று உச்சவரம்பு வைக்கும் பிரிவுகளும் உண்டு. நான்காவது வழியில் ஆசைப்பட்டு நடுவில் கூடுதல் பாதம் வைப்பவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள். துளை போடும் முன்பே அட்டையில் பாதங்களை வெட்டி, காருக்குள் வைத்துப் படமெடுத்து, உங்கள் போட்டியின் தொழில்நுட்ப ஆய்வாளரிடம் காட்டிவிடுங்கள். அட்டையைத் திருத்துவது ஒரு நிமிட வேலை. சேஸிஸில் தவறாகப் போட்ட துளை அங்கேயேதான் இருக்கும்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு போல்ட் தலையிலும் தகடுவரை ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிடுவேன். முதல் ஓட்டம் முடிந்து கார் ஆறியதும், பாயை விலக்கி டார்ச் அடித்துப் பார்ப்பேன். கோடு உடைந்திருந்தால் அதை மட்டும் இறுக்கிவிட்டு நகர மாட்டேன். அந்தப் பாதத்தின் போல்ட்களைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஸ்லீவின் நீளத்தைத் திரும்ப அளப்பேன்.