ரீஃபர்பிஷ்டு லேப்டாப் வந்த அன்றே பேனல் எண்ணைப் பார்த்துவிடுங்கள்

நண்பரின் குழந்தையை எடுத்த 200 படங்களை இப்போது இரண்டாவது முறையாக எடிட் செய்துகொண்டிருக்கிறேன். முதல் முறை செய்தது அத்தனையும் வீண். ரீஃபர்பிஷ்டு லேப்டாப், அதாவது பழையதைச் சரிபார்த்து மறுபடி விற்பது, ஒன்றை வாங்கினேன். விற்றவர்கள் சொன்ன திரை (பேனல்) வேறு, வந்த திரை வேறு. இன்னொருவர் இதில் மாட்டக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

என் பழைய லேப்டாப், கேமரா பதப்படுத்தாமல் தரும் ரா ஃபைல்களைத் திறக்கவே திணறியது. அதனால் 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள பிசினஸ் ரக லேப்டாப் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். விளம்பரத்தில் "ஃபுல் எச்டி ஐபிஎஸ், 100% எஸ்ஆர்ஜிபி" என்று இருந்தது. எஸ்ஆர்ஜிபி என்பது இணையப் படங்களுக்குப் பொதுவாகப் பயன்படும் நிற வரம்பு; 100% என்றால் அதிலுள்ள நிறங்கள் அத்தனையையும் திரை காட்டும். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் கூடுதலாகப் பணம் கொடுத்தேன். போட்டோ எடிட் செய்பவருக்கு அதுதான் அடிப்படை.

வந்ததும் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சோதித்தேன். ரேம் சரி. டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் எஸ்எஸ்டி அதிகம் ஓடியதாகத் தெரியவில்லை. விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டில் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி டிசைன் கெபாசிட்டியில் 88% இருந்தது. பழைய பேட்டரிக்கு அது நல்ல கணக்கு. இவ்வளவும் சரியாக இருந்ததால் திரையைச் சந்தேகிக்கவே தோன்றவில்லை.

குழந்தை சிவப்பு கவுன் போட்டிருந்தாள். போட்டோ எடிட் செய்யும் டார்க்டேபிள் மென்பொருளில் திறந்தால் அந்தச் சிவப்பு செங்கல் நிறத்தில் தெரிந்தது. சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) ஏற்றினேன், கண்ணுக்குச் சரியாக வந்தது, அனுப்பிவிட்டேன். மறுநாள் நண்பர் தன் போனில் காட்டினார். கன்னம் இரண்டும் வெயிலில் காய்ந்தது போலச் சிவந்திருந்தன. கவுனில் மடிப்பே தெரியவில்லை, ஒரே சிவப்புத் திட்டு. வானம் வரும் படங்களில் நான் என் திரையில் பார்த்த பட்டை பட்டையான கோடுகள் அவர் போனில் இல்லவே இல்லை. அப்போதுதான் படத்தில் கோளாறு இல்லை, திரையில்தான் என்று உறைத்தது.

விற்றவர்களுக்கு போன் செய்தேன். மிகவும் தன்மையாகப் பேசினார்கள். "கேலிபரேட் பண்ணுங்க சார், சரியாயிடும்" என்றார்கள், அதாவது திரையின் நிறங்களை அளந்து சரிசெய்யச் சொன்னார்கள். நம்பினேன். அப்படி அளக்கும் கருவியான கலரிமீட்டர் வாங்கினேன், அது வந்து சேரவே சில நாட்கள் ஆயின. அளந்து பார்த்தால் எஸ்ஆர்ஜிபியில் 62% மட்டுமே அந்தத் திரையால் காட்ட முடிகிறது. கேலிபரேஷன் வெள்ளையைச் சரிசெய்யும், காமாவை (இருட்டிலிருந்து வெளிச்சம் வரையிலான படிகளை) சரிசெய்யும். பேனலில் இல்லாத சிவப்பை அதனால் உண்டாக்க முடியாது. இது அந்தக் கடைக்காரர்களுக்குத் தெரியாதா என்ன? மறுபடி அழைத்தபோது திருப்பி அனுப்பும் 10 நாள் கெடு முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. குரலில் இருந்த தன்மையும் போய்விட்டது.

அப்புறம்தான் பேனல் எண்ணை, அதாவது திரையின் மாடல் எண்ணைத் தேடினேன். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் மானிட்டர் பகுதியில் அது இருக்கிறது. முதல் மூன்று எழுத்து தயாரிப்பாளரைக் குறிக்கும், பிஓஇ, ஏயுஓ, எல்ஜிடி என்று. முழு எண்ணையும் இணையத்தில் போட்டுத் தேடியதும் "45% என்டிஎஸ்சி, 6 பிட்" என்று வந்தது. என்டிஎஸ்சி என்பது எஸ்ஆர்ஜிபியைவிடப் பெரிய இன்னொரு நிற வரம்பு. முழு எஸ்ஆர்ஜிபி என்றால் சுமார் 72% என்டிஎஸ்சி இருக்க வேண்டும். 6 பிட் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 64 படிகள்தான், 8 பிட்டில் 256. வானத்துக் கோடுகள் அங்கிருந்துதான் வந்திருக்கின்றன.

லேப்டாப்பின் அடியில் உள்ள சீரியல் எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் கொடுத்தால், ஆலையிலிருந்து எந்த உறுப்புகளோடு வெளிவந்தது என்று காட்டுகிறது. என்னுடையது ஆரம்பத்திலேயே இந்த மலிவு பேனலோடுதான் வந்திருக்கிறது. ஒரே மாடலை நிறுவனங்கள் இரண்டு மூன்று விதத் திரைகளோடு விற்கும். விற்றவர்கள் அதில் உயர்ந்ததன் விவரத்தைக் கையிருப்பு முழுவதற்கும் ஒட்டிவிட்டார்கள். நான் புகார் செய்த பிறகு விளம்பரத்தில் "100% எஸ்ஆர்ஜிபி" காணாமல் போயிற்று. நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கவில்லை. பில்லில் "14 இன்ச் எஃப்எச்டி" என்று மட்டும்தான் இருக்கிறது.

தயவுசெய்து பணம் கட்டும் முன் விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சீரியல் எண்ணைக் கேளுங்கள். தர மறுத்தால் அங்கே வாங்காதீர்கள். பெட்டியைப் பிரித்த அன்றே பேனல் எண்ணைப் பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. மென்பொருள் எதுவும் வேண்டாம் என்றால், அடர் சிவப்புப் படம் ஒன்றைத் திரையிலும் போனிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போனின் டிஸ்பிளே விவிட் மோடில் இல்லாமல் நேச்சுரலில் இருக்கட்டும். செங்கல் நிறம் தெரிந்தால் அன்றே, எழுத்து மூலமாக, திருப்பி எடுக்கச் சொல்லுங்கள். போனில் தருகிற ஆலோசனை எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

அவர்களிடமே வாங்கிய யுஎஸ்பி சி ஹப்பும் இதே கதைதான். "4கே" என்று போட்டிருந்தார்கள், 30 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 30 முறை திரை புதுப்பிப்பு) மேல் போகவில்லை, மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகர்கிறது. 60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்த வாங்கலுக்குத் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று எழுதி, பணத்தைத்தான் கேட்டிருக்கிறேன். இப்போதைக்கு லேப்டாப்பை மேசையின் ஓரத்தில் மூடி வைத்து, பழைய மானிட்டரை எச்டிஎம்ஐயில் நேராக மாட்டி எடிட் செய்கிறேன். கவுனின் மடிப்புகள் அதில் ஒழுங்காகத் தெரிகின்றன.