காரைக்குடி எக்கோ சென்டர்: டாக்டருக்கு 5, மாடிப்படிக்கு 0

ஆறு மாதமாக அப்பத்தா வளவைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். வயசாச்சு என்று நாங்களும் விட்டுவிட்டோம். முதலில் பார்த்த டாக்டர் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்தார், அதில் ஒன்றும் குணமாகவில்லை. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் கணுக்காலை விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது, குனிந்து எழுந்தால் தலை வேறு சுற்றுகிறது என்றதும்தான் இங்கே கூட்டிக்கொண்டு வந்தோம்.

எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன், எடுத்த டாக்டர் அவசரப்படவே இல்லை. இதயத்தின் வலது பக்கம் பெரிதாகியிருப்பதைத் திரையில் காட்டி, நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடியிருக்கலாம் என்றார். “போன வாரம்கூட பிரஷர் 130/80தானே இருந்துச்சு?” என்று கேட்டேன். கையில் பட்டை கட்டிப் பார்ப்பது வேறு, இது வேறு, அதில் தெரியாது என்றார். எக்கோவில் கிடைப்பது மதிப்பீடுதான், இதயம் வழியாக மெல்லிய குழாய் விட்டு நேரடியாக அளந்து அந்த ரத்தக்குழாயின் சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்துக்கு மேல் இருந்தால்தான் உறுதி என்று சொல்லி மதுரைக்குக் கடிதம் கொடுத்தார். ஆஸ்துமா, ரத்தசோகை என்று நினைத்தே பலருக்கு இதைக் கண்டுபிடிப்பது தள்ளிப்போகிறதாம்.

குறை? டோக்கன் வாங்கி இரண்டு மணி நேரம் காத்திருந்தோம், சரி, கூட்டம். ஆனால் மூச்சு வாங்குகிறவர்கள் வரும் இடத்தை லிஃப்ட் இல்லாத முதல் மாடியில் யாராவது வைப்பார்களா? அப்பத்தாவை நாற்காலியோடு தூக்கித்தான் ஏற்றினோம்.